சரளைப் பாதையில் ஒரு சங்கிலி

"இறங்குங்க."

மாயிலிஸ் அப்போது இரும்பு கேட்டின் உச்சியில் இருந்தாள். ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். சைக்கிளை முதலிலேயே தூக்கி அந்தப் பக்கம் சாய்த்தாகிவிட்டது. மழை முகத்தில் அறைந்துகொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் இறங்கறது?" என்றாள்.

"வந்த பக்கம்."

வேலியோரம் ஒருவன் நின்றிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு கழி, முதுகுக்குப் பின்னால் முப்பது வெள்ளை மாடுகள். மாடுகள் அவளையே பார்த்தன. அவனும் அவளையே பார்த்தான். கல்கூரை மழையில் நனைந்தால் ஒரு சாம்பல் நீலம் வருமே... அந்த நிறத்தில் கண்கள். கோபத்தில்கூட அவசரப்படாத கண்கள்.

'ஆள் நல்லாத்தான் இருக்கான். பேச்சுதான் சரியில்ல...'

"என் மேப்புல இங்க கேட்டே கிடையாது."

"என் மாடுங்களுக்கு உங்க மேப் தெரியாது."

"இது பாதைதானே? சரளை கொட்டியிருக்கு பாருங்க..."

"கொட்டினது எங்க அப்பா. கேட்டுல சங்கிலி இருக்கு. சங்கிலியில பூட்டு இருக்கு. இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல, அம்மணி."

மாயிலிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். லியோன் நகரத்துச் சின்னப் பதிப்பகம் ஒன்றுக்காகச் சைக்கிள் வழிகளைத் தேடிப் புத்தகம் எழுதுவது அவள் தொழில். மோட்டார் வண்டி எதுவும் வராத சரளைப் பாதைகள் மட்டுமே அவளுக்குக் கணக்கு. கைவிடப்பட்ட ரயில் தடங்கள், காட்டுப் பாதைகள், கால்வாய்க் கரைகள்... இந்தத் தடவை திஜோனிலிருந்து நெவேர் வரை வழி கோத்துக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு நாளாக எல்லாம் சரியாக வந்தது. மோர்வான் மலையில் இந்த ஒரு நான்கு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் கால்வாய்க் கரை. இது இல்லையென்றால் பதினொரு கிலோமீட்டர் மெயின் ரோடு. மரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் ரோடு.

கோபத்தில் சைக்கிளைப் பிடித்து இழுத்து, கேட்டுக்கு மேலே தூக்கி, இந்தப் பக்கம் இறக்கும்போது கை வழுக்கியது. சைக்கிள் கல்லின்மேல் விழுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

பின்சக்கரத்து கியரைத் தாங்கிப் பிடிக்கும் சின்ன அலுமினியக் கொக்கி இரண்டாகக் கிடந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"இது என் தப்பில்ல" என்றான் அவன்.

"உங்க தப்புன்னு யாரு சொன்னா?"

"உங்க கண்ணு சொல்லுது."

அவன் பெயர் தீபோ. அந்த மேட்டில் இருந்த ஒரே பண்ணை அவனுடையது. அடுத்த முற்றத்தில் அவன் அக்கா ஆக்னேஸ். ஊர் மன்றத்துச் செயலாளர், வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், மீதி நாலு நாள் தம்பியைத் திட்டுவது. சத்தம் கேட்டுக் குடையோடு வந்தவள் உடைந்த சைக்கிளையும் நனைந்த பெண்ணையும் தம்பியின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள்.

"மாடி அறை காலியாத்தானே கிடக்கு?"

"ஆக்னேஸ்..."

"கொக்கி தபால்ல வர எத்தனை நாளாகும், அம்மணி?"

"மூணு நாள்..."

"மூணு நாள்தானே. கடிச்சிட மாட்டான். மாடுங்களோட இருந்து இருந்து பேச்சுதான் அப்படி ஆயிடுச்சு."

* * *

மூன்று நாள் ஓரிடத்தில் இருப்பது என்றால் மாயிலிஸுக்கு முள்ளின்மேல் இருப்பது.

செவ்வாய்க்கிழமை முழுக்க மழை. அவள் மாடிப்படி ஏறினாள், இறங்கினாள். வரைபடத்தை விரித்தாள், மடித்தாள். சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள்... அங்கே போனால் தீபோவும் அதே வேலையில் இருந்தான். வாசலுக்கு வருவான், மேகத்தைப் பார்ப்பான், உள்ளே போவான். ஐந்து நிமிடத்தில் மறுபடி வருவான்.

"உங்களுக்கு உட்கார வராதா?" என்றான்.

"உங்களுக்கு?"

"எனக்குக் காரணம் இருக்கு. புல்லு இடுப்பளவு நிக்குது. அறுத்துக் காயப் போட்டு அள்ள மூணு நாள் வெயில் வேணும். இந்த மாசமே மூணு நாள் வெயில் வரல. அள்ளலைன்னா குளிர்காலத்துல மாட்டுக்கு என்ன போடறது?"

"எனக்கும் காரணம் இருக்கு."

"என்ன?"

அவள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள். அன்று மாலை அவன் பன்றி இறைச்சித் துண்டுகள் போட்டு, தடிமனாக ஓர் அடை சுட்டு, அவள் தட்டில் பெரிய பாதியை வைத்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைதான் அவளைப் பேச வைத்தது.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னால ரோட்டுல போயிட்டிருந்தேன். ஒரு லாரியோட பக்கக் கண்ணாடி தோள்ல இடிச்சுது. பள்ளத்துல கிடந்தேன். எலும்பு ஆறு வாரத்துல கூடிடுச்சு. ஆனா பின்னால இன்ஜின் சத்தம் கேட்டா... இப்பவும் தோள் ரெண்டும் காதுவரைக்கும் ஏறிடும். அதுக்கப்புறம் எங்கயும் ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கினதில்ல. நின்னா அந்தச் சத்தம் வந்து பிடிச்சிடும்னு இருக்கும்..."

தீபோ கரண்டியைக் கீழே வைத்தான். 

"எங்க கேட்டை ஒரு நாள் யாரோ திறந்து போட்டுட்டாங்க" என்றான். "நாலு வருஷம் ஆச்சு. பனி நாள். ஆறு மாடு கீழ ரோட்டுக்கு இறங்கிடுச்சு. மர லாரி... ரெண்டு மாடு அங்கேயே போச்சு. ஓட்டினவன் ஒரே வகுப்புல என்னோட படிச்சவன், ரெமி. அவன் இடது கால் இன்னும் சரியாகல. ரொட்டிக் கடையில பார்த்தா வணக்கம்கூடச் சொல்ல மாட்டான். அதுக்கப்புறம்தான் சங்கிலி."

"சைக்கிள்காரங்களா திறந்தது?"

"அப்படித்தான்..." என்று எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இவ்வளவு பாரத்தை வச்சுக்கிட்டு எப்படி ஒரே இடத்துல நிக்கறான்?'

* * *

புதன்கிழமை வெயில் வந்தது. விடியும் முன்பே டிராக்டர் சத்தம். மாயிலிஸ் ஜன்னலைத் திறந்தாள். சரிவு முழுக்கப் புல் வரிவரியாகச் சாய்ந்து கிடந்தது. பச்சை வாசம் அறைக்குள் ஏறியது. சும்மா இருக்க முடியாமல் அவளும் ஒரு முள்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இயந்திரம் எட்டாத ஓரங்களில் கிடந்த புல்லைப் புரட்டிப் போட்டாள். மதியத்துக்குள் உள்ளங்கையில் கொப்புளம்.

"சைக்கிள் ஓட்டற கைன்னு பார்த்தா இப்படி இருக்கே..." என்றான் தீபோ.

"கை சைக்கிள் ஓட்டாது. கால்தான் ஓட்டும்."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது அந்தச் சாம்பல் கண்களில் ஓரமாக வெயில் அடித்தது. அவள் சட்டென்று குனிந்து புல்லைப் புரட்டினாள். அது ஏற்கெனவே புரட்டிய புல்.

வியாழக்கிழமை மத்தியானம் கொக்கி வந்துவிட்டது. வாங்கிவர ஊர் மன்றத்துக்குப் போனாள். ஆக்னேஸ் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய நிலப்படம் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தாள்.

"வழி தேடறவங்க இதைப் பார்க்காமப் போகக் கூடாது" என்றாள். "யாரு வந்து கேட்டாலும் காட்ட வேண்டியது என் வேலை. நீங்க கேட்கல. இருந்தாலும் காட்டறேன்."

மாயிலிஸ் குனிந்து பார்த்தாள். தீபோவின் நிலம் இரண்டு பக்கமும் இருந்தது. நடுவில் ஓடிய அந்த நான்கு கிலோமீட்டர்... ஊருக்குச் சொந்தமான பொது வழி. யாரும் பூட்ட முடியாத வழி.

சந்தோஷப்பட வேண்டியவள். அதைப் போனில் படம் பிடித்தாள். திரும்பும்போது கால் கனத்தது.

கொக்கியை மாட்ட அரை மணி நேரம் ஆனது. சைக்கிள் தயார். மணி மூன்று. கிளம்பியிருக்கலாம்... கிளம்பவில்லை. சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளைத் தீபோவும் பார்த்தான். சரியாகிவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது.  சாயங்காலம் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான்.

"வாங்க. உங்க வழியைக் காட்டறேன்."

நான்கு வருடத்தில் முதல்முறையாகச் சங்கிலி விழுந்தது. இருவரும் நடந்தார்கள். இரண்டு பக்கமும் உயர்ந்த வேலிச்செடிகள், காலடியில் சரளையின் நறநறப்பு, எங்கோ ஒரு குயில். ஒரு இன்ஜின் சத்தம்கூட இல்லை. மாயிலிஸின் தோள்கள் இறங்கி இருந்தன... அவளே அதைக் கவனித்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு 'நீங்க, வாங்க'ன்னு சொல்லிட்டிருக்கறது?" என்றாள்.

"நாளைக்குப் போறவங்களை எப்படி 'நீ'ன்னு கூப்பிடறது? பழகிட்டா அப்புறம் யாரைக் கூப்பிடுவேன்?"

அவள் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். ஒரு கை தூரம்தான். போன் இருந்த சட்டைப் பை நெருப்பாகச் சுட்டது. 'இப்போ சொல்லிடு... இல்ல, இப்போ வேண்டாம்... இந்த ஒரு சாயங்காலம் மட்டும்...'

சொல்லவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை காலை காப்பிக் கிண்ணத்தின் முன்னால் சொன்னாள். போனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பாதை ஊரோடது, தீபோ. இதை மறைச்சு வச்சுட்டு என்னால கிளம்ப முடியாது."

அவன் படத்தைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"எப்ப எடுத்தீங்க?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து சாயங்காலம் உங்களுக்காகப் பூட்டைத் திறந்தேன். அப்ப இது உங்க பையில இருந்துச்சு."

"இருந்துச்சு..."

"என் வீட்டுச் சாப்பாடு, என் வீட்டு அறை, என் புல்லு. எல்லாம் நிலம் அளக்கத்தானா?"

"அப்படித்தான் நினைக்கறீங்களா?"

"வேற என்ன நினைக்கறது? வாங்க, திறந்து விடறேன். சட்டப்படியே போங்க."

அவள் முகம் சிவந்தது. கண்ணீர் வருமோ என்ற பயத்தில் வேகமாக எழுந்தாள்.

"வேண்டாம். நீங்க திறந்து நான் போக வேண்டிய வழி எனக்கு வேண்டாம். ரோட்டுலயே போறேன்."

பத்து நிமிடத்தில் அவள் போய்விட்டாள். இடப்பக்கம் திரும்பி, மெயின் ரோட்டை நோக்கி. மேற்கே மலை விளிம்பில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காய்ந்த புல் சரிவெல்லாம் கிடந்தது. மதியத்துக்குள் இயந்திரத்தில் கட்டி உள்ளே சேர்த்தாக வேண்டும்.

தீபோ ஒரு மணி நேரமாக டிராக்டர் பக்கத்திலேயே நின்றான். ஏறவில்லை. ஆக்னேஸ் வந்தாள்.

"எங்கடா அந்தப் பொண்ணு?"

"போயாச்சு."

"எந்த வழியா?"

அவன் கண் கீழே ரோட்டுப் பக்கம் போனது.

"அந்த ரோட்டுலயா? லாரின்னா பயம்னு நீதானே எங்கிட்ட சொன்ன?"

"நீ எதுக்கு அவகிட்ட படத்தைக் காட்டுன?"

"அதுல உனக்குத் தெரியாதது என்ன இருக்கு? ஆறு வயசுல உன்னைத் தோள்ல தூக்கிட்டு அந்தப் பாதையில நடந்தப்ப அப்பா சொன்னாரு. 'இது ஊர் வழி, நாம சரளை மட்டும்தான் போடறோம்'னு. நானும் பக்கத்துல நடந்து வந்தேன். எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்கு இல்லையா?"

கீழே ரோட்டில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. தீபோவின் முகம் வெளுத்துப்போனது. ஓடிப்போய் வேனில் ஏறினான்.

"டேய், புல்லு..." என்றாள் ஆக்னேஸ். அவன் ஜன்னலைக்கூட இறக்கவில்லை.

பதினொரு கிலோமீட்டர். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஏழு லாரிகள் எதிரே வந்தன. ஒவ்வொன்றும் கடந்த பிறகு, அதன் பின்னால் ரோடு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தான். அவள் எங்கும் இல்லை. ரோடு கால்வாய்ப் பாலத்தில் முடிந்தது. இறங்கிப் பார்த்தான். கரையின் ஈரச் சரளையில் மெல்லிய சக்கரத் தடம் ஒன்று புதிதாக ஓடியது. அப்போதுதான் மூச்சு விட்டான்.

கரைப் பாதையில் வேன் போக முடியாது. நடுவில் கட்டை நட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மதகு வீடு. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் கூடை வைத்த பழைய சைக்கிள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க, ஆனா அதுல பிரேக்..."

மீதி அவன் காதில் விழவில்லை.

* * *

மாயிலிஸ் கரைப் புல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் ரொட்டி, கடிக்காத ரொட்டி. எதிரே தண்ணீர் அசையாமல் கிடந்தது. பின்னால் சரளை தடதடவென்று உருளும் சத்தம். திரும்பினாள்.

கூடை சைக்கிளில், ரப்பர் பூட்ஸோடு, தீபோ அவளைக் கடந்து போனான்.

"நிறுத்த முடியல..." என்று சொல்லிக்கொண்டே போனான்.

ஐம்பது அடி தள்ளி ஒரு புதருக்குள் நின்றது வண்டி. இலையும் சேறுமாக எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி நடந்து வந்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்.

முதல் துளி தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று. பிறகு கால்வாய் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள்.

சிரிப்பு அவளுக்குச் சட்டென்று அடங்கியது. வானத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"புல்லை அள்ளியாச்சா?"

"இல்ல."

"தீபோ... குளிர்காலத்துக்கு..."

"வேற எங்கயாவது பார்த்துக்கணும்."

அவள் எழுந்து நின்றாள். நாலு நாள் அவனோடு சேர்ந்து அந்த வானத்தைப் பார்த்தவள். அந்த 'இல்ல'வின் கனம் அவளுக்குத் தெரியும்.

"அந்த வழி ஊரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்றான். மழை அவன் முகத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. "சின்ன வயசுல இருந்தே தெரியும். உங்கமேல கோபப்பட்டேன்ல... நீங்க ஏமாத்தினதுக்கு இல்ல. நீங்க ஒரு ராத்திரிதான் மறைச்சீங்க. காலையில சொல்லிட்டீங்க. நான் நாலு வருஷமா மறைக்கறேன்."

"என்னத்தை?"

"கேட்டைச் சைக்கிள்காரங்க திறந்து போட்டாங்கன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அன்னிக்குக் காலையில மாட்டுக்குத் தண்ணி வச்சிட்டு வந்தது நான்தான். தாழ்ப்பாள் போட்டேனா... சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல. இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் இல்ல. ரெமி காலை இழுத்து இழுத்து நடக்கறப்ப எல்லாம் யோசிச்சுப் பார்ப்பேன். வராது. சங்கிலி போட்டா, வெளியில இருந்து வர்றவங்கதான் தப்புன்னு ஆகிடும்னு..."



மாயிலிஸ் அவன் கையைப் பிடித்தாள். கொப்புளம் காயாத உள்ளங்கையால். வலித்தது, விடவில்லை.

"ரெமிகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் போறேன். முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு தோணுச்சு."

'உன்கிட்ட...' அவன் அறியாமல் வந்த வார்த்தை. இருவருக்கும் கேட்டது. அவன் காது சிவந்தது.

"நீ அந்த ரோட்டுல எப்படிப் போனே?" என்றான் மெதுவாக.

"பயந்துகிட்டே. ஒவ்வொரு லாரிக்கும் இறங்கி ஓரமா நின்னேன். ஆனா ஒண்ணு தெரியுமா... அஞ்சு வருஷமா பின்னால சத்தம் கேட்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டவ, இன்னிக்கு உன் வேன் சத்தம் கேட்குதா, கேட்குதான்னு திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே வந்தேன்."

மழை வலுத்தது. ஒதுங்க இடம் பக்கத்திலேயே இருந்தது, ஒரு பாப்லர் மரம். இருவருக்கும் தோன்றவில்லை.

"என்னால மாடுங்களை விட்டுட்டு வர முடியாது" என்றான் தீபோ. "உன்னால ஒரு இடத்துல இருக்க முடியாது. இதுக்கு என்ன செய்யறதுன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஒண்ணும் தோணல. யோசிக்காமலே வந்துட்டேன்."

"நெவேர் போய்ச் சேர எட்டு நாளாகும். வழியை முடிச்சுக் கொடுக்கணும், வாக்குக் கொடுத்திருக்கேன்."

"முடிச்சுட்டு?"

"முடிச்சுட்டு வர்றேன்."

"பாதையில கேட் இருக்குன்னு எழுது. வேணும்னா திறந்துட்டுப் போகலாம், மறக்காம சாத்தணும்னு எழுது. சங்கிலி இருக்காது."

"எழுதறேன். ஆனா நான் வர்றேன்னு சொன்னது பாதையைப் பார்க்க இல்ல."

"பின்ன?"

"தெரியாத மாதிரி கேட்காதே."

"தெரியல. எனக்கு மாடு பாஷைதான் தெரியும்னு ஆக்னேஸ் சொல்லியிருக்காளே... நீயே சொல்லு."

அவள் நிமிர்ந்து அந்தச் சாம்பல் நீலக் கண்களைப் பார்த்தாள். ஓட வேண்டும் என்று அவளை எப்போதும் உந்திக்கொண்டே இருக்கும் ஏதோ ஒன்று... இப்போதும் இருந்தது. ஆனால் அது அவனை நோக்கித் திரும்பியிருந்தது.

"உன்னைப் பிடிச்சிருக்கு, தீபோ" என்றாள். "ஒரு இடத்துல உட்காரணும்னு தோணற அளவுக்குப் பிடிச்சிருக்கு."

அவன் சேறு படிந்த கையால் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈரமுடியை ஒதுக்கினான். நெற்றியெல்லாம் சேறானது. அதைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

அவள் சிரித்துக்கொண்டே இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.